ஒழுகாத பம்பும் ஏழுமலையின் காரும்

அழுக்காறு கொடிதென்று கோயிலில் பல ஆண்டுகளாகச் சொல்லிவருபவன் நான். இன்று அது என் நெஞ்சிலேயே குடியேறிவிட்டது.

சென்ற மாதம் நானும் பக்கத்து வீட்டுப் படகுக்காரர் ஏழுமலையும் மீஞ்சூரில் ஒரே மெக்கானிக்கிடம் கார்களுக்கு டைமிங் பெல்ட் மாற்றினோம்.

"பெல்ட்டுக்குப் பின்னாலதான் வாட்டர் பம்பு கீது பெரியவரே. அதையும் இப்பவே மாத்திடலாம். அப்பால ஒழுகுச்சின்னா மறுபடியும் எல்லாத்தையும் கயட்டணும்" என்றார் மெக்கானிக்.

ஒழுகாத பம்பை மாற்றுவானேன் என்று மறுத்தேன்.

ஏழுமலையோ உடனே தலையசைத்தார். "படகைக் கரையேத்துனா ஒரு பலகைய மட்டுமா பாப்போம்? எல்லாத்தையும் மாத்திடு நைனா."

இன்று எங்கள் கோயில் விழாச் சொற்பொழிவாளரை மீஞ்சூர் ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவரும் பேறு எனக்கு வாய்த்தது. வழியில் அவருக்குச் சொல்லிக்காட்ட, நானே இயற்றிய நான்கு வெண்பாக்களை மனனம் செய்திருந்தேன்.

அவரை ஏற்றிக்கொண்டு திரும்புகையில், முதல் வெண்பா முடியுமுன் பானட்டிலிருந்து ஆவி எழுந்தது. அன்று நான் மாற்ற மறுத்த அதே பம்பு ஒழுகிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த ஏழுமலை காரை நிறுத்தினார். "இன்னா பெரியவரே, பம்பா? நீங்க வண்டியாண்ட இருங்க. அய்யாவ நான் இட்டுகினு போறேன்."

மாலையில் மேடையேறிய சொற்பொழிவாளர், "வரும் வழியில் ஒரு ஞானியைக் கண்டேன்" என்று தொடங்கினார். நான் நிமிர்ந்து அமர்ந்தேன்.

அவர் சொன்னது ஏழுமலையின் காரில் கேட்ட பலகைக் கதையை.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மீதி மூன்று வெண்பாக்கள் கைவசம் உள்ளன. கேட்பவர் உண்டா? ஏழுமலையின் காரில் ஏறியவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.