மேடையில் மட்டும் சொன்னவர்

செத்துக் கிடந்த வெல்டர் அண்ணனின் தலைமாட்டில் யாரோ அவருடைய மஞ்சள் ஹெல்மெட்டை வைத்து, அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். திருவொற்றியூரில் அவர் வீட்டு வாசலில் ஃபேக்டரி ஆட்கள் கூடி நின்று, "இன்னா நடிகன்பா" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஹெல்மெட்டை எனக்குத் தெரியும். எண்ணூர் ஃபேக்டரியில் ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த பிறகு நாடகம் நடக்கும். அந்த ஒரு நாள் யாரையும் கிண்டல் செய்யலாம், மேனேஜர்கூடக் கோபித்துக்கொள்ளக் கூடாது. குடும்பத்தோடு போய் உட்காருவோம். வெல்டர் அண்ணன் ஒரே ஆள், கையில் ஒரே ஹெல்மெட். சட்டைக்குள் திணித்தால் அது மேனேஜரின் தொப்பை. மல்லாத்திப் பிடித்தால் கேன்டீன் சாம்பார் வாளி. "மாமு, இதுல பருப்பு தேடணும்னா முங்கு நீச்சல் தெரியணும்" என்பார். என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

என் வீட்டுக்காரர் அங்கே கான்ட்ராக்ட் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து செத்தார். குடித்துவிட்டு ஏறினார் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். வேலைக்குப் போகும் நாளில் அந்த மனிதர் அதைத் தொட்டதே இல்லை. கூட வேலை செய்த ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அந்த வருஷம் வெல்டர் அண்ணன்தான் என்னை நாடகத்துக்கு வரச் சொன்னார். மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். விழுந்து கிடப்பது யார் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அதைச் சுற்றி நடந்து, நின்று நின்று, ஒவ்வொருத்தர் குரலாக எடுத்தார். "நான் பாக்கலபா." "நான் அந்தாண்ட டீ குடிச்சினு இருந்தேன் சார்." "பலகயா? எந்த பலக?" குரலுக்குச் சொந்தக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் அவருடைய சொந்தக் குரல் வந்தது. "சாரத்துல பலக கட்டாம கெடந்தத நானும்தான் காலைல பாத்தேன். பாக்கலன்னு சொல்லிட்டேன்." ஒரு கைகூடத் தட்டவில்லை.

முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். "அண்ணா, இங்க சொன்னத ஆபீஸ்ல வந்து சொல்லு. என் புள்ள குடிகாரன் புள்ளன்னு பேர் எடுக்கக் கூடாது."

"அங்க சொன்னா வேல பூடும்மா. இங்கன்னா நாடகம்னு சொல்லிக்கலாம்."

"அப்ப நீயும் அவனுங்களும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவே இல்லை. வழியில் பார்த்தால் அவர் தலை குனிவார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அத்தனை பேர் குரலையும் உள்ளபடி எடுக்கத் தெரிந்தவருக்குத் தன் குரலில் ஆபீசில் ஒரு வரி சொல்ல முடியவில்லை. அந்தத் திறமையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடத்தான் தோன்றியது. ஆனால் அந்த மேடை இல்லாவிட்டால் எனக்கே அந்தப் பலகை தெரிந்திருக்காது. மற்றவர்கள் விளையாட்டுக்குக்கூட அதைச் சொன்னதில்லை. நன்றி சொல்லவும் மனம் வரவில்லை, மன்னிக்கவும் வரவில்லை. அப்படியே விட்டு வைத்தேன். மனிதர் போய்விட்டார்.

மாலையோடு என் மகனும் வந்திருந்தான். வளர்ந்துவிட்டான். அப்பா அன்று குடிக்கவில்லை என்று நான் எத்தனை முறை சொன்னாலும், அம்மா அப்படித்தான் சொல்லுவாள் என்று நினைக்கிறவன். அங்கே நின்றவர்களிடம் சட்டென்று கேட்டான். "எங்க நைனா அன்னிக்கு குடிச்சிருந்தாரா?"

"நமக்கு இன்னா தெரியும்பா."

"நான் அந்தாண்ட இருந்தேன் கண்ணு."

கொஞ்சம் கிழடு தட்டியிருந்ததே தவிர, அதே குரல்கள். வெல்டர் அண்ணன் உயிரோடு இருந்தபோதே இவனைக் கூட்டிப்போய் அவர் எதிரில் நிறுத்தியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. இப்போது மகன் பதிலுக்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.