இடது ஓரத்துப் புகை

எங்கள் நெல்லைக் கருப்பு வெள்ளைப் படக்காரர்களின் வாட்ஸப் குழுவில் யார் எதைப் போட்டாலும் "அருமை அண்ணாச்சி" என்று வந்துவிடும். ஒருவர் உச்சி வெயிலில் மணிமுத்தாறு அணையை எடுத்து, வெளுத்துப்போன வானத்தை மறைக்க நிறத்தை உருவிவிட்டுப் போடுவார். அதற்கும் பத்து அருமை. படம் முழுசாக இறங்குவதற்குள் கைதட்டுகிற கூட்டம். மாட்டுச் சாணியைக் கருப்பு வெள்ளையில் காட்டினாலும் இவர்களுக்குக் கலைதான்.

படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிற ஒரே ஆள் நான்தான் என்ற திமிர் எனக்கு உண்டு. வானம் செத்துப்போச்சு, பாறை வெறும் கரியா இருக்கு என்று முகத்துக்கு நேரே எழுதுவேன்.

போன ஐப்பசியில் குழுவில் ஒருவர் தாமிரபரணியைப் போட்டிருந்தார். அதிகாலை வெளிச்சத்தில் ஆறு, கரையில் மருத மரங்கள், இடது ஓரத்தில் கொஞ்சம் புகை. நல்ல படம். அதற்கு நம் ஆட்கள் அருமைகூடச் சொல்லவில்லை. வரிசையாகக் கும்பிடுகிற கை பொம்மையைப் போட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை எழுதக்கூட விரல் வளையவில்லை பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்துவிட்டு எழுதினேன்: "ஆறும் மரமும் பிரமாதம். இடது ஓரத்துப் புகைதான் படத்தைக் கெடுக்கு. அதை வெட்டிருங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர் பதில் வந்தது.

"படத்துக்குக் கீழ ரெண்டு வரி எழுதியிருந்தேன், அண்ணாச்சி. அந்தப் புகை எங்க அப்பா."