சம்சாரம் எத்தனை?

நான் வேலை பார்க்கும் துறைமுகத்தின் வாசலில் தலைமைக் குமாஸ்தா ஏகாம்பரம் என்னை நிறுத்தி, “சவரி சார் பூட்டாரு சார்” என்றார். சாவுச் செய்தி கேட்டதும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. முந்தின நாள் மாலைதானே என் மனுவில் மூன்று பிழை கண்டுபிடித்தார் அந்த மனிதர்!

சவரிமுத்துவை ராயபுரத்தில் உங்களில் பலர் வருமான வரி ஆபீஸ் குமாஸ்தாவாகத்தான் அறிவீர்கள். தெருவில் அவர் தலை தெரிந்தால் மளிகைக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். பென்ஷனுக்குப் பிறகு அதே மனிதர், வரியைத் திருத்தச் சொல்லிச் சர்க்காருக்கு மனு எழுத என்னோடு உட்கார்ந்தார். சர்க்கார் வரி வரம்பைத் தாழ்த்தியதில் ஏகாம்பரமும் சிக்கியிருந்தார். இறந்துபோன அண்ணனின் நான்கு பிள்ளைகளையும் வளர்ப்பவர் அவர். அவர்களில் மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வரியே வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்றேன். சவரிமுத்து சீறினார். “அப்பால ஆஸ்பத்திரி யாரு கட்டுவான், உங்க நைனாவா? பெரிய வருமானத்துக்கு ஏத்து. வூட்ல வாய் நெறைய கீறவனுக்கு எறக்கு. அவ்ளோதான்.”

அதற்கு ஆதாரம் வேண்டுமே. வீட்டில் எத்தனை பேர் என்று அறிய நான் ஒரு தாள் அச்சடித்துத் துறைமுக ஊழியர்களுக்குக் கொடுத்தேன். குடும்பம் என்ற அர்த்தத்தில் ‘சம்சாரம் எத்தனை?’ என்பது என் கேள்வி. என் புத்தியை என்ன சொல்ல! மனைவியைத்தான் கேட்கிறேன் என்று எல்லோரும் ‘ஒன்று’ என எழுதிவிட்டார்கள். ஒரு கிரேன் டிரைவர் விளையாட்டாக ‘இரண்டு’ என்று எழுதப்போய், அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சவரிமுத்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தாள்களைக் கிழித்துப் போட்டார். “வூட்டுக்கு வூடு போவலாம். எத்தினி பேரு சாப்புடுறீங்கன்னு கேளு. யாரு பெத்த புள்ளன்னு கேக்காத.” திருவொற்றியூர் வரை நடந்தே போய்க் கேட்டோம்.

அந்தக் கணக்கோடு மனுவை அனுப்பினோம். ஒற்றை வரியில் மறுப்பு வந்தது. அண்ணன் பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்க முடியாதாம். நான் துவண்டுபோனேன். அவருக்கோ உற்சாகம். “படிச்சிட்டுத்தானே மறுத்துகீறான்! இன்னொண்ணு எழுது.” அந்த இரண்டாவது மனுவில்தான் கடைசியாகப் பிழை பார்த்தார்.

அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது ஏகாம்பரம் மெல்லக் கேட்டார்: “மனு இன்னா ஆவும் சார்? மனு நடக்குற வரைக்கும் பொண்ண நிறுத்தாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு.”

மறுப்பு வந்த அன்று அவர் ஏன் அப்படி மகிழ்ந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு வந்திருப்பது இந்த வேலைதான். இரண்டாவது மனு தபாலில் போய்விட்டது. மறுத்தால் மூன்றாவதை எழுதுவேன். அந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடிக்க இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது.