யாரையும் பகைக்காத நிர்மலாதேவி

புதுச்சேரி வீராம்பட்டினத்து நிர்மலாதேவி இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறது என்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியைக் கூட்டியது. அங்கே போகவேண்டிய இறால் குளிர்கிடங்கிலேயே தங்கியது. அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை என்றானது. அதைச் சரிக்கட்டத்தான் கணவன் அருள்முருகன் ஒரு பழைய டேங்கர் கப்பலின் எஞ்சின் அறைக்கு வேலைக்குப் போனான். அந்தக் கப்பல் ஏற்றியதும் ரஷ்ய எண்ணெய்தான். அதில் பறந்தது பதிவே இல்லாத நாட்டின் பொய்க்கொடி என்று சொல்லி, பிரெஞ்சுக் கடற்படை கப்பலை ஆட்களோடு மடக்கித் தங்கள் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

தம்பி வெற்றிச்செல்வன் கொதித்தான். "பிரெஞ்சு கான்சுலேட் வாசல்ல தட்டி எழுதிப் புடிச்சிக்கினு உக்காருவோங்க்கா. ஊரே வரும்."

அவள் ஏலிஸ் அம்மாளிடம் போனாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். அவர் வீட்டில் அவள் முன்பு சமையல் செய்தாள். அந்தத் துறைமுகத்துக்குப் போன் போட்டு, பிரெஞ்சில் பேசி, அவன் நலமாக இருப்பதைக் கேட்டுச் சொன்னவரும் அவர்தான்.

"தட்டி கிட்டி வேணாம் நிர்மலா. உன் புருஷன் அவங்க கைல இருக்கான்."

டெல்லி வெளியுறவுத் துறையிலிருந்து பேசிய தமிழ் அதிகாரி அதையே சுற்றி வளைத்துச் சொன்னார். நமக்குப் பிரான்ஸும் வேண்டும், ரஷ்யாவும் வேண்டும், அமெரிக்கா வேறு பார்த்துக்கொண்டிருக்கிறது, சத்தமில்லாமல் முடிப்போம். அவனை வேலைக்கு அனுப்பிய கப்பல் ஏஜென்டோ, "எங்க பேரு மட்டும் வெளிய வரக்கூடாது" என்றான்.

தம்பி விடவில்லை, டிவிக்காரரை வீட்டுக்கே அழைத்துவந்தான்.

"யார் மேலம்மா கோவம்? பிரான்ஸா, ரஷ்யாவா, நம்ம அரசாங்கமா?"

"யார் மேலயும் இல்ல சார். எல்லாரும் நல்லவங்கதான். அவர அனுப்பிட்டா போதும்."

"இத வச்சி நான் என்னம்மா பண்றது?" அவர் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

"என்னாக்கா, எலெக்‌ஷன்ல நிக்கப்போறியா?" என்றான் தம்பி.

ஞாயிறு காலையில் அருள்முருகன் பேசினான். எல்லாரையும் ஊருக்கு அனுப்புகிறார்களாம். விசாரணை முடியும்வரை கேப்டனும், எஞ்சின் அறையிலிருந்து ஒருவரும் மட்டும் இருக்கவேண்டுமாம்.

"ஒருத்தர்னா?"

"நான்தான். மொதல்ல எங்கூட வேல பாக்கற கேரளா கொல்லத்துக்காரனத்தான் சொன்னாங்க. அவன் பொண்டாட்டி டிவில எல்லாரையும் கிழிகிழின்னு கிழிச்சிட்டாளாம். டெல்லிலேர்ந்து அவன் பேரச் சொல்லிக் கேட்டாங்களாம். அவன உட்டுட்டாங்க."

"நான் யாரையும் ஒரு வார்த்த சொல்லலயேங்க."

"தெரியும்," என்றான் அவன்.

போனை வைத்த கையோடு தம்பியைக் கூப்பிட்டாள்.

"தட்டி எழுதுடா."

"யார் பேரப் போடறதுக்கா?"

"எல்லார் பேரும் போடு. ஒருத்தரையும் உடாத."