நான் அடைத்த ஏழு ஓட்டைகள்

எட்டாவது வரை படித்தவன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்ல எனக்குக் கூச்சம்.

செவிலிமேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் மெழுகு வேலை செய்கிறேன். நான் செய்யும் மெழுகு உருவத்தை மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, ஜேசுதாஸ் அந்த இடத்தில் பித்தளையை ஊற்றுவார். பெரும்பாலும் கோயில் விளக்குகள்தான்.

போன வருடம் சென்னையிலிருந்து ஒரு டிசைனரம்மா காய்ந்த தேக்கிலையோடு வந்தார். அதே வடிவில் மேஜைப் பலகை வேண்டுமாம். பக்கத்திலேயே உட்கார்ந்து, நரம்பு நரம்பாக என்னோடு சேர்ந்து மெழுகு இலையைச் செய்தார். பூச்சி அரித்த ஏழு ஓட்டைகளையும் விடவில்லை.

கோயில் வேலையில் ஓட்டை என்றால் ஊனம். அவர் பஸ் ஏறியதும், நல்லது செய்வதாக நினைத்து, ஏழையும் மெழுகால் அடைத்து, நானே மண்ணும் பூசிவிட்டேன்.

மண் அச்சை உடைத்த அன்று அவரும் வந்திருந்தார். ஓட்டைகளைக் காணோம்.

“இன்னாபா ஜேசு, பித்தளை ஓட்டையில பூந்துக்கினு போச்சா? இனிமே இந்தம்மா வேலைய நீ தொடாத,” என்றார் முதலாளி.

ஜேசுதாஸ் தலைகுனிந்து நின்றார். நான் முன்னால் வந்தேன்.

“நான்தாம்மா அடைச்சேன். ஓட்டையோட குடுக்க மனசு வரல.”

அந்தம்மா பித்தளை இலையைத் தடவிப் பார்த்தார். “அந்த ஓட்டைங்களுக்காகத்தாண்ணா இந்த இலையப் பொறுக்கினேன்.”

“பூச்சி வாயையே அடைச்சிட்டியேபா,” என்று ஜேசுதாஸ் சிரித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

இலையின் குறையை மூடப்போய், ஜேசுதாஸ் பெயரில் ஒரு குறையை ஏற்றப் பார்த்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

மறுநாள் புது மெழுகு இலையில் ஓட்டைகள் போட்டேன். முதலாளி வேலையை மறுபடி ஜேசுதாஸிடமே கொடுத்தார். அவர் ஏழையும் எண்ணிப் பார்த்துவிட்டு மண் பூசினார்.