கிளட்ச் என்றால் விடுவது

ஐம்பத்து மூன்று வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனது ஆசைப்பட்டு அல்ல. அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் கணவருக்குக் கண் நீர் அழுத்தம் என்று கண்டுபிடித்து, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் வாசலில் தூசி படிந்து நின்றது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான்.

திருத்தணியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தேன். மறுநாள் காலை அங்கே வண்டியோடு காத்திருந்தவன் என் பழைய மாணவன். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் இரண்டு முறை கோட்டை விட்டவன். அவன் அப்பா அரக்கோணம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கே கிரீஸ் வாசனையோடு வருவான். இப்போது முப்பத்தைந்து வயது, ஒழுங்காக வெட்டிய தாடி. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அந்த மரியாதை பத்து நிமிடம் நீடித்தது. அதற்குள் வண்டி ஆறு முறை நின்றுவிட்டது.

"மிஸ், கிளட்ச்ச படக்குனு வுடாதீங்க. புடிச்சுகினே மெதுவா வுடணும்."

முப்பது வருட ஆங்கில ஆசிரியை என்ற தோரணை எனக்குள் எழுந்தது. கிளட்ச் என்றால் இறுகப் பிடிப்பது, பழைய ஆங்கிலத்தில் விரல்களை மடக்கி மூடுவதற்கான சொல்லிலிருந்து வந்தது என்று பாடம் எடுத்தேன். ஒரு பறவை அடைகாக்கும் முட்டைகளுக்கும் கிளட்ச் என்றுதான் பெயர், தாய் அவற்றை அணைத்துப் பிடித்திருப்பதால் என்றும் சேர்த்தேன். எதிரே கரும்பு லாரி வந்தது. அவன் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தான். அந்த வண்டியில் அவன் காலடியிலும் பிரேக்கும் கிளட்சும் இருந்தன.

லாரி போன பிறகு சாதாரணமாகச் சொன்னான்: "ஆனா மிதிச்சா அது வுட்டுடுதே மிஸ். அன்னிக்கும் அதான எழுதினேன்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சொற்பொருள் தேர்வில் அந்தச் சொல்லுக்கு எதிரே 'விடுவது' என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டதோடு நிற்கவில்லை. வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவன் ஏன் அப்படி எழுதினான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்தேன். என் பக்கம்தான் நியாயம் என்று உறுதி செய்துகொள்ளத்தான். இறுகப் பிடிப்பது, சரி. விரலை மடக்குவது, அதுவும் சரி. முட்டைக்கு வந்தேன். அது வேறு சொல்லாம். குஞ்சு பொரிப்பதைக் குறித்த பழைய ஸ்காண்டிநேவியச் சொல் ஒன்று உருமாறி, தற்செயலாக அதே எழுத்துகளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அணைப்பும் இல்லை, பிடிப்பும் இல்லை. வருடாவருடம் நான் கண் பனிக்கச் சொல்லிக் கொடுத்த தாய்ப்பறவைக் கதை முழுக்க என் சொந்தச் சரக்கு. எனக்குப் பூஜ்யம் போட்டு வகுப்பில் உரக்கப் படித்துக் காட்ட யாரும் இருக்கவில்லை.

மறுநாள் வண்டியில் ஏறியதும் முட்டை விஷயத்தை ஒப்புக்கொண்டேன். பிறகு, அன்றைக்கு உன்னை எல்லார் முன்னாலும் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை; அதைச் சொல்லித்தான் பழக்கமில்லையே.

அவன் தன் காலடியில் இருந்த கிளட்சைக் காட்டினான். பிறகு விளக்கினான். உள்ளே இரண்டு தட்டுகள் எப்போதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் இருக்குமாம். நாம் மிதித்தால்தான் பிரியும்.

"பேரு சரிதான் மிஸ். நீங்களும் கரெக்டு. நான் மிதிக்கிறத எழுதினேன், நீங்க பேர கேட்டீங்க. அப்ப எனக்கு சொல்லத் தெரியல."

கியர் மாற்றச் சொன்னான். மூன்றாவது வாரத்தில், நான் பிரமாதமாக ஓட்டுவதாக நினைத்திருந்த ஒரு காலையில், இன்றைக்குத்தான் தன் பக்கத்துக் கிளட்சிலிருந்து காலை எடுத்திருப்பதாகச் சொன்னான். அதுவரை என் திறமையில் பாதி அவனுடைய கால். அன்று வண்டி நான்கு முறை நின்றது. டெஸ்ட்டில் இரண்டாவது முயற்சியில் தேறினேன். ஒருமுறை கோட்டை விட்டதில் அவனுக்குச் சிறு திருப்தி இருந்திருக்கலாம். காட்டிக்கொள்ளவில்லை.

லைசென்ஸ் வந்த வாரம் கணவரை உட்கார வைத்து மலைக்கோயிலுக்கு ஓட்டிப் போனேன். முதல் வளைவிலிருந்தே அவர் உத்தரவு போட ஆரம்பித்தார். கியரைக் குறை, ஹாரன் அடி, இடது பக்கம் ஒதுக்கு. முன்னால் மொட்டை போட்ட ஒரு குடும்பம் ரோட்டைக் கடக்க, ஏற்றத்திலேயே நிறுத்த வேண்டி வந்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். கணவரும் நிறுத்தவில்லை. இன்னொரு வார்த்தை பேசினால் படி வழியாக நடந்து வரலாம் என்று அவரிடம் சொன்னேன். வாயை மூடிக்கொண்டார். கிளட்சை அவன் சொன்ன மாதிரி இம்மி இம்மியாக விட்டேன். வண்டி ஒரு சாண் பின்னால் நழுவி, நடுங்கி, மேலே ஏறியது.

வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பாராட்டு வருமென்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் இறங்கி, கோபுரத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"முருகன் பத்திரமா கொண்டாந்து சேத்துட்டாரு," என்றார்.