மிங்மா கேட்ட மூன்று கேள்விகள்

பிலேந்திரன் மன்னாரில் பிறந்தவர். ஒஸ்லோவின் ரொம்சோஸ் குடியிருப்பில் வசிப்பவர். பேருந்துப் பணிமனையில் துப்புரவுப் பணியாளர். 2006ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் நேபாளத்தின் டொல்போ மலைப்பகுதிக்கு நடைப்பயணம் சென்றார். உடன் சென்றவர், அதே நகரின் ட்வெய்ட்டாவில் குடும்பத்துடன் வாழ்ந்த யோகலிங்கம். போனவர் இருவர்; திரும்பியவர் ஒருவர்.

இருவரும் 1987இல் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கின் மீன் தொழிற்சாலை ஒன்றில் சந்தித்தவர்கள். அங்கே தமிழரிடையே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுக்குச் சுகமில்லையென்றால், மேற்பார்வையாளர் கேட்கும்போது பக்கத்தில் நிற்பவன் முந்திக்கொண்டு, அவனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட வேண்டும். நோயென்று அறையில் கிடந்தால் வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும் என்று எல்லாரும் நம்பினர். யோகலிங்கம் ஒருமுறை கடும் காய்ச்சலோடு மூன்று நாள்கள் மீன் வெட்டினார். மூன்று நாள்களும் பிலேந்திரன் அவருக்காகப் பொய் சொன்னார். நோய்விடுப்பு தங்களுக்கும் சட்டப்படி உரியது என்பதை அவர்கள் அறிவதற்குள் இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

டொல்போ, யோகலிங்கத்தின் ஆறு ஆண்டுக் கனவு. அதன் வரைபடத்தை வீட்டு நடைவழியில் ஒட்டியிருந்தார். தங்குமிடங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தவள் அவருடைய மகள் மிதுனா. அப்போது அவளுக்கு வயது பதினான்கு.

வழிகாட்டியின் பெயர் மிங்மா. நாள்தோறும் காலையில் தேநீருடன் வந்து, ஆங்கிலத்தில் மூன்று கேள்விகள் கேட்பார்: உறங்கினீர்களா? உண்டது வயிற்றில் தங்கியதா? தலை வலிக்கிறதா? உயரம் ஏறும்போது வரும் மலைநோயை முன்கூட்டியே அறிய, விடைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

எட்டாம் நாள் காலை, 4,500 மீற்றர் உயரத்தில், யோகலிங்கம் கூடாரத்தின் பின்னால் குனிந்து வாந்தியெடுத்தார். சப்பாத்தால் சரளைக்கல்லைத் தள்ளி அதை மூடினார்.

"என்ன மச்சான், தலை இடிக்குதோ?" என்றார் பிலேந்திரன்.

"ராத்திரியில இருந்து இடிக்குது. அவனிட்டச் சொல்லிப்போடாதை. சொன்னா இறக்கிப்போடுவான்."

"இறக்கினா இறங்குவம். அதுக்கென்ன?"

"ஆறு வருசம் மச்சான்! இண்டைக்கு இந்தக் கணவாயைத் தாண்டினா முடிஞ்சுது. பின்மார்க் குளிருக்கை நிண்டு மீன் வெட்டினவனை இந்தக் கல்லுமலை என்ன செய்யும்? அண்டைக்குச் சொன்ன பொய்யை இண்டைக்கும் ஒருக்காச் சொல்லு."

"சொல்லுறன். அண்டைக்குப் போல நீ மீன் நாத்தம் நாறேல்லை, அது போதும்."

இருவரும் சிரித்தனர். மிங்மா வந்தபோது யோகலிங்கம் கூடாரத்துக்குள் பொதி கட்டுவதாகப் பாவனை செய்தார். பிலேந்திரனே இருவருக்குமாக விடை சொன்னார்: உறங்கினோம், உண்டோம், வலியில்லை.

நண்பகலில், கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே, யோகலிங்கம் குடித்தவரைப் போலத் தள்ளாடத் தொடங்கினார். மிங்மா பனியில் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியில் யோகலிங்கம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். எப்போது தொடங்கியது என்று மிங்மா கேட்டார். பிலேந்திரன் அப்போதுதான் உண்மையைச் சொன்னார்.

உடன் வந்த சுமைகாரர் இருவர் மாறி மாறி யோகலிங்கத்தை முதுகில் சுமந்து இறங்கினர். காலையில் புறப்பட்ட முகாம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவருடைய மூச்சு நின்றது.

மிங்மா குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். பயணத்திட்டத்தில் இரண்டு நாள்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. எவருக்கேனும் தலைவலி வந்தால் கீழே இறங்கி, ஓய்ந்து, மீண்டும் ஏறுவதற்கான நாள்கள் அவை. அப்படியொரு ஏற்பாடு உண்டா என்று இருவரும் கேட்டதில்லை.

ஒஸ்லோ திரும்பியதும் பிலேந்திரன் முதலில் யோகலிங்கத்தின் மனைவி சிவநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் எழுந்து மகளின் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "என்னட்டச் சொன்னதோட விடுங்கோ அண்ணை. பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. அப்பாவும் போய், மாமாவும் இல்லையெண்டா அவள் ஆரிட்டப் போவாள்? திடீரெண்டு நடந்ததெண்டு சொல்லுங்கோ" என்றார்.

இறுதிச்சடங்கு முடிந்த மறு வாரம், அந்த வரைபடத்தின் கீழே நின்று மிதுனா கேட்டாள்:

"மாமா, அப்பாக்கு முதலே சுகமில்லாமல் இருந்ததோ? மலையில வாற வருத்தம் திடீரெண்டு வராதாம். எங்கட பள்ளிக்கூட லேரர் சொன்னவ."

மகளின் பின்னால் நின்ற சிவநாயகி வேண்டாமென்று தலையசைத்தார்.

"ஓம் பிள்ளை. விடியவே சத்தி எடுத்தவர். மிங்மா கேட்கேக்கை ஒண்டுமில்லையெண்டு நான்தான் சொன்னனான்."

"ஏன்?"

பிலேந்திரன் மீன் தொழிற்சாலையின் கதையைச் சொன்னார். அவள் இறுதிவரை கேட்டாள்.

"சுகமில்லையெண்டா சுகமில்லையெண்டு சொல்லலாம்தானே, மாமா. அதுக்கேன் பயம்?"



இது நடந்து மூன்று ஆண்டுகளாகின்றன. சிவநாயகி தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறார். மிதுனா வருவதில்லை. கடந்த மாதம் சுரங்க ரயிலில் பிலேந்திரன் அவளுக்கு எதிர் இருக்கையில் தற்செயலாக அமர்ந்தார். அடுத்த நிலையத்தில் அவள் எழுந்து, வேறு பெட்டிக்கு மாறிச் சென்றாள்.